நிஜமாகக் கிழிந்த பாய்

மைசூரில் ஒரு தையல் கடை வாசலில் நிற்கிறேன். கடலே இல்லாத ஊரில் படகுப் பாய் ஒன்று கொடியில் காய்கிறது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்த எனக்கு அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. பழைய பாய்தான். உப்பும் பூஞ்சணமும் போக அலசி, விட்டுப்போன தையலையெல்லாம் புதுப்பித்திருக்கிறார்கள். இன்னும் பல வருடம் காற்றைத் தாங்கும்.

தைக்கிற அம்மா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். பாயை இறக்கி மேசையில் விரிக்கிறார். கத்தரிக்கோலை எடுத்து நடுவில் கிழிக்கிறார்.

“நல்ல பாயை ஏம்மா கிழிக்கிறீங்க?” கத்தியே விடுகிறேன்.

“ஓட்டல் சுவத்துல மாட்டறதுக்குங்க. சுத்தமா இருந்தாப் பழசாட்டத் தெரியலையாமா. அங்கங்க கிழிச்சு ஒட்டுப் போடச் சொல்றாரு ஓனரு. போன தடவ கிழிச்சது பத்தலைன்னு ஒரே திட்டுங்க. நெஜமாக் கிழிஞ்சாப்புல இருக்கோணுமாமா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒட்டுப்போட்ட பாயைப் பார்த்தால்தான் இவர்களுக்குச் சோறு இறங்குமா?

என் சித்தப்பாவின் பாய் நடுக்கடலில் நிஜமாகவே கிழிந்தது. சுவரில் மாட்ட அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை.