டிராயிங் அறையில் இரண்டு பெண்கள்

பாலிடெக்னிக்கில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சின்னாளபட்டித் தறிக்கார வீட்டிலிருந்து போய் சிவில் டிப்ளமோ முடித்தேன். திண்டுக்கல்லில் ஒரு சர்க்கார் இன்ஜினீயர் ஆபீசில் வேலை கிடைத்தபோது, பாலமும் கண்மாய் மதகும் கட்டப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். என்னை டிராயிங் அறையில் உட்கார வைத்தார்கள். என்னோடு சேர்ந்த ஆண்கள் சைட்டுக்குப் போய் அளந்து வருவார்கள். அவர்கள் போட்ட வரைபடத்தை ட்ரேசிங் துணியில் மையால் படியெடுப்பது என் வேலை. சைட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வேலைக்குப் பாக்கலாம்மா" என்பார் பெரிய இன்ஜினீயர்.

ஒருத்தியாக இருப்பதால்தான் தட்டிக்கழிக்கிறார்கள், இரண்டு பேர் கேட்டால் மறுக்க முடியாது என்று நம்பினேன். அதனால், அறுபதுகளின் நடுவில் பெண்கள் பள்ளி ஒன்றில் பேசக் கூப்பிட்டபோது ஆசையாகப் போனேன். 'நீங்களும் வாருங்கள்' என்று அந்தப் பிள்ளைகளைக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

அவர்களில் ஒருத்தி மறுவாரமே தன் அம்மாவோடு என் வீடு தேடி வந்தாள். மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கிற குடும்பம்.

"ஏந்தாயி, ஆம்பளைக வேலை செய்யுற எடத்துல எம்மக போயி என்னத்தச் செய்வா?" என்று கேட்டாள் அம்மா.

"இவ சொல்ற அளவுக்குத்தான் கொத்தனார் கல்லு வைக்கணும்மா."

"எவன் கேப்பான்?" என்று சிரித்தவள், "ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றாள்.

"இல்லம்மா."

அவள் மகளைப் பார்த்தாள். மகளோ, "நான் போறேன்மா" என்று ஒரே பிடியாக நின்றாள்.

படித்தாள். முதல் வகுப்பில் தேறினாள். எங்கள் ஆபீசிலேயே வேலையும் கிடைத்தது. சைட்டுக்குப் போகவேண்டி வருமே என்று சைக்கிள் பழகி, சைக்கிளிலேயே வந்து இறங்கினாள். அன்றே இருவரும் பெரிய இன்ஜினீயர் அறைக்குப் போனோம். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"வயசுப் பொண்ணுக. அங்க வெயிலு, கூலியாளுங்க பேச்சு வேற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நான் வெயில்லயே வளந்தவ சார். கூலியாளுக பேச்சும் எனக்குப் புதுசில்ல. எங்கப்பாவும் அம்மாவும் கூலியாளுகதான்" என்றாள் அவள்.

"நல்லாத்தான் பேசுற" என்று சிரித்துவிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடச் சொல்லிப் பியூனை அனுப்பினார்.

ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய ஒரு பையன் புதிதாகச் சேர்ந்து, அந்த வாரமே சைட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிடுவாள். ஒருநாள், "என்ன வேலை பாக்குறேன்னு ஊர்ல கேக்குறாகக்கா. என்னன்னு சொல்லட்டும்?" என்றாள்.

அப்புறம் அவள் லீவில் இருந்தபோது ஒரு சம்பந்தம் வந்தது. வேலையை விடவேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். தகவல் கேட்டுப் பதறி அவள் ஊருக்கு ஓடினேன். அவள் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"விடுங்கக்கா. அடுத்தவக போட்ட கோட்டு மேல கோடு போடவா நான் இம்புட்டும் படிச்சேன்?"

அவளைத் தடுக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போனேன்.