கிளமென்ட் அளந்த பிக்கப்

கிளமென்டின் கிட்டாருக்குப் பெயர் கிடையாது. தலைப்பகுதியில் இருந்த பெயர்ப்பட்டை எப்போதோ கழன்றுபோய் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். சிங்கப்பூரில் கடை வைத்திருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து அதை ஒரு மார்கழியில் வாங்கினான். பட்டை இருந்திருந்தாலும் பெரிய சாட்சியில்லை. அது அறுபதுகளின் ஜப்பான் வேலை; அங்கே அப்போது ஒரே பட்டறை பல கடைகளுக்குப் பல பெயர்களில் கிட்டார் செய்து கொடுத்ததுண்டு. அடையாளம் சொல்லக்கூடியது பிக்கப்தான்: தந்திகளுக்குக் கீழே, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக் காந்தத்தோடு பொருத்தி, பொன்னிறத் தகடு போர்த்திய சின்னப் பெட்டி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது அது. கிளமென்டின் கிட்டாரில் இரண்டு இருந்தன.

தகட்டில் ஓட்டை என்ன வடிவம், திருகு எந்தப் பக்கம், மீட்டர் மின்தடையை எத்தனை கிலோ ஓம் என்று காட்டுகிறது என்று இணையத்துப் படங்களோடு ஒப்பிட்டே பல ஞாயிறுகளைக் கழித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இதில் பாதி நேரம்கூடப் பார்க்கவில்லை என்பாள் அருள்மேரி, அவன் மனைவி.

சித்திரையில் ஒரு பிக்கப் செத்துப்போனது. திருவையாற்றில் மோட்டார் காயில் கட்டும் இளம்பரிதியிடம் கொண்டுபோனான். இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. கிளமென்ட் மின்வாரியத்துக்குப் போனான், இளம்பரிதி கடை போட்டான். சுற்றின் வெளிமுனையில்தான் கம்பி அறுந்திருந்தது என்று சொல்லி, பற்றவைத்துக் கொடுத்துவிட்டான் இளம்பரிதி.

உச்சி வெயிலில் முதுகில் கிட்டாரோடு பைக்கில் தஞ்சாவூர் வந்து சேர்ந்த கிளமென்ட், தண்ணீர்கூடக் குடிக்காமல் மீட்டரை வைத்தான். ஏழு புள்ளி ஏழு. வாங்கிய அன்று அதே பிக்கப் ஏழு புள்ளி ஒன்று காட்டியிருந்தது. மறுபடி வைத்தான், முனை மாற்றி வைத்தான். இறங்கவில்லை.

இளம்பரிதியின் கடைச் சுவரில் பாதி முடிந்த பலாமர கிட்டார் ஒன்று தொங்குவது ஞாபகம் வந்தது. எல்லாம் ஆயிற்று, பிக்கப்தான் பாக்கி என்று போன மாதம் அவனே சொல்லியிருந்தான்.

பழையதை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டிவிட்டானோ என்று தோன்றியபின் உட்கார முடியவில்லை. வாசித்துப் பார்த்தான், சத்தம் தகரமாகத் தெரிந்தது. உண்மையிலேயே அவன் காதுக்கு அப்படித்தான் கேட்டது. மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் காது அதற்குக் கூலி வேலை செய்யும். மாடிக்குப் போனான், இறங்கினான். இன்னொரு பிக்கப்பையும் அளந்து பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. சாயங்காலமே திருவையாற்றுக்கு வண்டியைத் திருப்பினான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"பலாமரத்துக்கு என்ன பிக்கப்டா போடப்போற?"

இளம்பரிதி பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தான்.

"கேக்கணும்னா நேரா கேளு."

சும்மாத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான் கிளமென்ட்.

இரவு கோடை மழை கொட்டியது. காலையில் வீடு குளிர்ந்து கிடந்தபோது பழக்க தோஷத்தில் மீட்டரை வைத்தான். ஏழு புள்ளி இரண்டு. முதல்முறையாக இன்னொரு பிக்கப்பையும் அளந்தான்; கிட்டத்தட்ட அதே அளவு. வெயில் ஏறியதும் கிட்டாரை மொட்டைமாடியில் வைத்து மறுபடி அளந்தான். இரண்டும் சேர்ந்தே ஏறின. இளம்பரிதியின் விரல் படாததும்தான். செம்பு சூடானால் மின்தடை கூடும். ஆபீசில் டிரான்ஸ்பார்மர் சுற்றை அளக்கும்போதெல்லாம் பக்கத்தில் வெப்பநிலையை எழுதாமல் அவன் கையெழுத்துப் போட்டதில்லை.

மன்னிப்பு கேட்க மட்டும் போவதற்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது பிக்கப்பும் சில நாளாகக் கரகரத்துக்கொண்டிருந்ததால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனான். மார்கழி, சித்திரை, முதுகு வெயில் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தப்பு என்னோடதுதான் என்றும் சொன்னான்.

இளம்பரிதி குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் லேசாகச் சிரித்தான்.

"வெயில்ல எனக்கும்தான் சூடேறும். மீட்டர் வச்சுப் பாத்தியா?"

கிளமென்டும் சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, இதையும் கொஞ்சம் பாரேன் என்று இரண்டாவது பிக்கப்பைக் காட்டினான்.

இளம்பரிதி மேசையைத் துடைத்துக் கிட்டாரைப் படுக்கவைத்தான். மெல்லிய கம்பி காற்றில் அறுந்துவிடாமலிருக்க ஃபேனை நிறுத்தினான். திருப்புளியை எடுத்துக் கிளமென்டிடம் நீட்டினான்.

"நீயே பிரிடா. எங்க பத்தவைக்கணும்னு நான் சொல்றேன். உன் பொருள்ல நான் கை வைக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. நல்ல வெளிச்சத்துக்காக விளக்கைக்கூடக் கிட்டே இழுத்துக் கொடுத்தான். பிறகு கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கிளமென்ட் முதல் திருகைக் கழற்றினான். தகட்டுக்கு அடியில் கண்ணுக்குப் பாதிதான் தெரிந்தது கம்பி. வேர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்தது.