கறுப்பு ஒயர்

எண்பதுகளில் ஒரு கோடை. பாலசமுத்திரம் பக்கம் பம்பு செட்டு மோட்டார் ரிப்பேர்தான் என் பிழைப்பு. பகலில் வீட்டில் கரண்டு இருக்காது. படுத்த படுக்கையாகிவிட்ட நைனாவுக்குக் காற்று வரட்டுமே என்று, மச்சான் ஏதோ பழைய ஆபீஸ் மெஷினிலிருந்து கழற்றித் தந்த சின்ன விசிறியை டிராக்டர் பேட்டரியில் ஓட்டப் பார்த்தேன்.

சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று ஒயர். பம்பு செட்டில் சிவப்பும் மஞ்சளும் கரண்டு வரும் லைன்கள். கறுப்பு நியூட்ரல், மோட்டாருக்கே போகாது. அந்தப் பழக்கத்தில் சிவப்பையும் மஞ்சளையும் கொடுத்தேன். விசிறி அசையவில்லை.

"கறுப்ப வெச்சி பாரேன்" என்றாள் மனைவி.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு."

வெயிலில் அலைந்து வந்த களைப்பு. சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

முகத்தில் காற்று பட்டு விழித்தேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் கறுப்பும் பேட்டரியில் இருந்தன. மஞ்சள் சும்மா தொங்கியது. கட்டிலில் நைனா வேர்த்து நனைந்து கிடந்தார்.

"இத்த ஏன் என் பக்கம் வெச்சே?"

"மாமாதான் சொன்னாரு. 'பாவம், வெயில்ல அலஞ்சிட்டு வந்துகீறான், அவன் பக்கம் திருப்பும்மா'ன்னாரு."

நான்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.