வளர்மதி குறித்த தேதி

காலை ஏழரை மணிக்கு செஞ்சி பேருந்து நிலையத்தில் "மலையனூர், மலையனூர்!" என்று கண்டக்டர்கள் கூவ ஆரம்பித்தபோது வளர்மதி திரும்பிப் பார்த்தாள். விழுப்புரத்திலிருந்து வரும் பீமாராவை வரவேற்க அவள் வந்திருந்தாள். மாவட்ட ஹேண்ட்பால் சங்கத்தின் துணைத் தலைவர் அவர். அவருடைய பஸ் இன்னும் வரவில்லை. வந்த பஸ்களிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் மஞ்சள் புடவையும் வேப்பிலையும் எலுமிச்சம்பழப் பையுமாகக் குடும்பம் குடும்பமாக மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். நாளைக்குத்தானே அமாவாசை? இன்றைக்கே ஏன் இந்தக் கூட்டம்?

கணவனுக்குப் போன் போட்டாள். குரு அரசுப் பேருந்து டிரைவர். விடியற்காலையிலேயே டிப்போவுக்குப் போயிருந்தான்.

"இன்னாங்க, இன்னைக்கே ஸ்பெஷல் உட்டுட்டாங்களா?"

"பின்ன? ஊஞ்சல் இன்னைக்கு ராத்திரியாச்சே."

"காலண்டர்ல ஞாயித்துக்கிழமைனு போட்டிருக்குதே!"

"அது திதி குடுக்கிறவங்களுக்கு. அமாவாசை இன்னைக்குச் சாயந்தரமே பொறந்துடுது. ராத்திரியில அமாவாசை இருந்தாத்தான் அங்காளம்மாவை ஊஞ்சல்ல வெப்பாங்க. கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பான். படிச்சியா நீ?"

அவள் படிக்கவில்லை. அமாவாசையன்று பஸ் கிடைக்காது என்பது செஞ்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு முந்தின நாளைப் பிடித்தாள். தேதி தோன்றிய அன்றே நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

"பஸ் ஓட்றவன் ஒருத்தன் ஊட்லயே கீறேன். ஒரு வார்த்த என்னைக் கேட்டியா?"

"சரி, அதை அப்பறம் திட்டு. தளவானூர் டவுன் பஸ் இருக்குதா, அதையும் எடுத்துட்டாங்களா?"

குரு தொண்டையைச் செருமினான்.

"அத எங்கிட்டதான் குடுத்திருக்கான் வளரு. மலையனூருக்கு."

மாவட்ட அளவிலான பெண்கள் ஹேண்ட்பால் போட்டி இதுவரை விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. இந்த ஆண்டு முதல்முறையாகச் செஞ்சிக்கு வந்திருந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. செஞ்சி வட்டச் செயலாளர் வளர்மதி அதை இழுத்துக்கொண்டு வந்தாள். சங்கக் கூட்டத்தில் அவள் வைத்த வாதம் ஒன்றுதான். "எல்லா ஊருக்கும் நடுவுல இருக்குது சார் செஞ்சி. எந்தப் பக்கத்துல இருந்தும் பஸ்ஸு. பஸ்ஸுக்குப் பஞ்சமே கெடையாது." பீமாராவ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "ஒரு தரம் குடுத்துப் பார்க்கலாம். சொதப்பினா விழுப்புரத்துக்கே எடுத்துக்குவோம். அப்புறம் கேட்கக் கூடாது."

ஆக, இன்றைக்கு ஒரு அணி வராமல் போனாலும் போட்டி செஞ்சியை விட்டுப் போகும். வராமல் போகப்போகிறவர்கள் தளவானூர்ப் பெண்கள் என்பதுதான் வளர்மதிக்குத் தாங்கவில்லை. அந்த அணியைக் கிளப்பியதே அவள்தான். வேர்க்கடலை பறிக்கிற பருவத்தில் வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் கேட்டாள். "கால்சட்டை போட்டுக்கினு ஆடணுமா?" என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். "முழு பேண்ட்டுதான்ணே, நானே வாங்கியாரேன்," என்றாள். கோல்கீப்பர் மோனிகாவின் நைனா மட்டும் மூன்று தரம் இல்லை என்றுவிட்டு நாலாம் தரம் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: பஸ்ஸில் போய் பஸ்ஸில் வரவேண்டும்.

வளர்மதி ஒருநாளும் ஹேண்ட்பால் ஆடியதில்லை. அவள் ஓட்டக்காரி. சிங்கவரத்தில் அப்பாவின் கடலைக் கொல்லை வரப்பில் ஆரம்பித்த ஓட்டம், பள்ளி, மாவட்டம் என்று போய், சென்னையில் மாநில அளவு நூறு மீட்டர் இறுதி வரைக்கும் வந்தது. அந்தக் கோட்டில் குனிந்து நின்றபோது துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாள். எச்சரித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி குனிந்தாள். மறுபடியும் துப்பாக்கிக்கு முன்னால் கிளம்பினாள். சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். மற்றவர்கள் ஓடி முடிப்பதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள்.

அதோடு ஓட்டத்தை விட்டாள். கல்யாணம் ஆனது. உரக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. செஞ்சியில் பழைய ஆட்கள் இன்னமும் அவளைத் "துப்பாக்கிக்கு முன்னாடி ஓடினவ" என்றுதான் சொல்வார்கள். குருவும் சண்டை வந்தால் சொல்வான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு நேரம் பார்க்க ஆள் வரவில்லை. ஓடினவளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரியும் என்று யாரோ கடைக்கு வந்து கூட்டிப் போனார்கள். அந்த ஆட்டத்தில் ஒல்லியாக ஒரு பெண், தன் கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுப்பதற்குள்ளேயே எதிர்ப்பக்கம் பாய்ந்து ஓடினாள். பந்து அவள் தலைக்கு மேலாகப் பறந்துவந்து கையில் விழுந்தது. கோல். மைதானமே கைதட்டியது. வளர்மதி பக்கத்தில் இருந்த நடுவரைக் கேட்டாள்: "இதுல முன்னாடியே ஓடலாமா சார்?"

"ஓடலாம்மா. ஓடுறவதான் கோல் போடுவா."

வாட்சை நிறுத்த மறந்துபோனாள். அதற்கும் திட்டு வாங்கினாள். அடுத்த மாதம் வலை வாங்க வசூலுக்கு அலைந்தவர்களோடு அவளும் அலைந்தாள். அதற்கடுத்த வருடம் செயலாளர் பதவிக்கு யாரும் நிற்கவில்லை, அவளைத் தவிர.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. ராஜகிரி மலையின் பாறைகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பீமாராவ் விடியலிலேயே கிளம்பியதால் சௌகரியமாக உட்கார்ந்து வந்து இறங்கியிருந்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கே," என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார். வளர்மதிக்கு அந்தப் பாராட்டு உள்ளே இறங்கவில்லை.

முதல் ஆட்டமே தளவானூருக்கும் திண்டிவனம் பக்கத்துத் தனியார் பள்ளிக்கும். பத்து மணி. திண்டிவனத்துக்காரர்கள் சொந்த வேனில் வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். தளவானூர் ஆசிரியை மணிமொழியின் போன் வந்தது.

"மேடம், டவுன் பஸ்ஸு வரல. மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டியாந்துட்டேன். விழுப்புரத்துல இருந்து வர்ற பஸ் ஒன்னும் நிக்க மாட்டேங்குது. படியில தொங்குதுங்க ஜனங்க."

"ஆட்டோ பாருங்க டீச்சர்."

"ஆட்டோவெல்லாம் மலையனூர் போயிடுச்சு மேடம். ரெண்டு புள்ளைங்க அழுவுது. திரும்பிடட்டுமா?"

"திரும்பாதீங்க. எதுல ஏத்த முடியுமோ ஏத்துங்க. நீங்க கூட இருக்கீங்கல்ல, மோனிகா நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பத்து மணி ஆனது. நோட்டீஸில் அவளே அச்சடித்திருந்த விதி: குறித்த நேரத்திலிருந்து கால் மணிக்குள் களத்தில் இறங்காத அணி தோற்றதாகக் கொள்ளப்படும். திண்டிவனம் அணியின் பயிற்சியாளர் பச்சமுத்து அந்த நோட்டீஸையே நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், டைம் ஓடிக்கினு இருக்குது."

"மாஸ்டர், அவங்க வழியில கீறாங்க. இந்த ஆட்டத்தைக் கடைசியில வெச்சிக்கலாம்."

"எதுக்கு? என் புள்ளைங்க வெயில்ல காயணுமா? நாங்க நேரத்துக்கு வரல?"

"நீங்க வேன்ல வந்தீங்க மாஸ்டர்."

"அது எங்க சாமர்த்தியம். ரூல் நீங்க போட்டதுதானே? எங்களுக்கு வாக்ஓவர் குடுங்க, போறோம்."

பீமாராவ் எழுந்து வந்தார். "அவர் சொல்றதுல தப்பில்லேம்மா. நேரம் ஆரம்பிச்சாச்சு. இனிமே ஆட்டத்தை மாத்தணும்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். நீயா மாத்த உனக்கு அதிகாரம் கிடையாது."

"சார், அமாவாசைக் கூட்டம்..."

"என்ன கூட்டம்? நான் உட்கார்ந்துதானே வந்தேன்?"

வளர்மதி கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். கால் மணியில் பாதிக்கு மேல் போயிருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று அடுத்தவர்கள் ஓடியதைப் பார்த்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு யார் மீதும் கோபம் வரவில்லை. கிளம்பியது அவள் கால்தான். இன்றைக்கும் முந்திக்கொண்டு கிளம்பியது அவள்தான். கயிற்றுக்கு வெளியே நிற்கப்போகிறவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

மேசைக்குப் போய் மைக்கை எடுத்தாள். இப்படித் திட்டமில்லாமல் அவள் மைக்கில் பேசியதில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். ஒன்னு சொல்லணும். இந்தத் தேதி நான் வெச்சது. காலண்டர்ல பெரிய எழுத்தைப் பார்த்தேன், சின்ன எழுத்தைப் பார்க்கல. ஊஞ்சல் இன்னைக்குத்தான். தளவானூர் பஸ்ஸை மலையனூருக்கு உட்டுட்டாங்க. புள்ளைங்க ரோட்டுல நிக்குதுங்க. ஃபவுல் பண்ணது நானு. அதுக்கு அந்தப் புள்ளைங்களை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரல. முதல் ஆட்டம் கடைசி ஆட்டமா நடக்கும். விதியை மீறினது செயலாளர்னு எழுதிக்குங்க."

பந்தலில் கொஞ்சம் சிரிப்பும் நிறைய முணுமுணுப்பும். பின்னாலிருந்து ஒரு குரல்: "துப்பாக்கிக்கு முன்னாடி ஓடினவ ஆச்சே!" இந்த முறை வளர்மதியும் சிரித்துவிட்டாள்.

பீமாராவ் சிரிக்கவில்லை. "நான் ரிப்போர்ட் எழுதத்தான் வேணும்மா. பதவி போகலாம். போட்டியும் போகலாம்."

"எழுதுங்க சார்."

"எழுத்து மூலமா நானும் புகார் குடுப்பேன்," என்றார் பச்சமுத்து. அப்போது அவருடைய அணித் தலைவி சுவாதி, தண்ணீர் பாட்டிலை மூடியபடி மெதுவாகக் கேட்டாள்:

"சார், வாக்ஓவர் குடுத்தா கோல் போட முடியாதுல்ல?"

"அதான் ஜெயிச்சிட்டோம்ல?"

"மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க இன்னைக்குத்தான் பார்க்க வந்திருக்காங்க. நான் எதைக் காட்டி எடுத்துக்கச் சொல்றது? எங்க அம்மா வேற வீடியோ கேட்டிருக்குது."

பச்சமுத்து நோட்டீஸை எட்டாக மடித்துப் பையில் வைத்தார். புகார் எழுத யாரிடமும் அவர் பேனா கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் காலியான பிறகு தெருவில் மேளச் சத்தம் கேட்டது. மலையனூர் போகும் டிராக்டர் ஒன்று மைதான வாசலில் நின்றது. வேண்டுதல்காரர்களுக்கு நடுவிலிருந்து நீல பனியன் போட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். எல்லார் நெற்றியிலும் உள்ளங்கையளவு குங்குமம். மோனிகா கையில் எலுமிச்சம்பழம்.

"சாமி வந்த டீமுடி!" என்று திண்டிவனத்துப் பெண் ஒருத்தி கத்தினாள்.

"பயமா இருக்குதா?" என்றாள் மோனிகா.

மணிமொழி டீச்சர் கடைசியாக இறங்கினார். புடவை முழுக்கத் திருநீறு. "அம்மன் பாட்டு பாடினாத்தான் ஏத்துவோம்னாங்க மேடம். வழி பூரா பாடிக்கினே வந்தோம். தொண்டை போச்சு."

ஆட்டம் மூன்றரைக்கு ஆரம்பித்தது. தளவானூர் தோற்றது. பெரிய வித்தியாசத்தில்தான் தோற்றது. சுவாதி போட்ட கோல்களை வீடியோவில் அவள் அம்மாவின் உறவுகள் எல்லாம் பார்த்திருப்பார்கள். ஆனால் இரண்டாம் பாதியில் மோனிகா ஒரு பந்தை நெஞ்சில் வாங்கித் தடுத்தாள். அது அவள் கைக்கு வருவதற்குள்ளேயே தளவானூரின் குட்டிப்பெண் ஒருத்தி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்டாள். மோனிகா வீசினாள். பந்து, ஓட்டம், கோல். ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்த வளர்மதி எழுந்து நின்று கத்தினாள். வாட்சை மட்டும் இந்த முறை சரியாக நிறுத்தினாள்.

பரிசு கொடுத்து முடித்ததும் பீமாராவ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ரிப்போர்ட் திங்கட்கிழமை," என்று மட்டும் சொன்னார். பெண்கள் திரும்பிப் போவதற்குத் திண்டிவனத்து வேனைப் பச்சமுத்துவிடம் கேட்டாள் வளர்மதி. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாவியை டிரைவரிடம் கொடுத்தார். "தளவானூர் சுத்திக்கினு போடா. இவங்க பாட வேற பாடுவாங்க." மோனிகாவின் நைனாவுக்குப் போன் போட்டு, பஸ்ஸுக்குப் பதில் வேன் என்றாள். அவர் கொஞ்சம் கத்தினார். பிறகு, "கோலு தடுத்துச்சா?" என்று கேட்டார்.

பந்தல் பிரிக்கிறவர்கள் மூங்கில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மைதான வாசலில் பீமாராவ் மறுபடி வந்து நின்றார். சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணவில்லை. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ பூசிவிட்ட குங்குமம் தோளில்.

"தண்ணி இருக்காம்மா?"

கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். "விழுப்புரம்னு போர்டு போட்டு ஒரு பஸ் வந்துச்சு. ஓடிப்போய் ஏறினா, கண்டக்டர் போர்டைக் கழட்டி மலையனூர்னு மாட்டறான். இறங்க விடலே, இடிச்சுப் பிடிச்சு வெளியே வந்தேன். ரயில்வே கேட் திறந்துவிட்ட மாதிரி ஜனம். என்னம்மா கூட்டம் இது!"

"அமாவாசை சார்."

"தெரியுது, தெரியுது." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "ரிப்போர்ட்ல நீ விதியை மீறினதை எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க சார்."

"பஸ் விஷயத்தையும் எழுதுவேன். பொத்தான் போனதையும் எழுதுவேன்." இன்னொரு டம்ளர் தண்ணீருக்குக் கை நீட்டினார். "சரி, அடுத்த வருஷம் எந்தத் தேதி வெச்சா உங்க ஊருக்குத் தோதுப்படும்?"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பொங்கலுக்கு அடுத்த வாரம், சனி. வளர்மதி அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார். கேட்டுச் சொல்றேன்."

குருவுக்குப் போன் போட்டாள். மலையனூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"யாரு, செயலாளர் மேடமா? இன்னும் செயலாளர்தானா, இல்ல கழட்டி உட்டுட்டாங்களா?"

"தெரியல. அதை உடுங்க. வர்ற தை மாசம் எந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஸ்பெஷல் டூட்டி இருக்காது?"

குரு டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இப்பவே சொல்லணுமா? டிப்போவுல பஞ்சாங்கம் ஒன்னு இருக்குது. பார்த்துட்டு ராத்திரி வந்து சொன்னா ஆவாதா?"

"ஆவும்," என்றாள் வளர்மதி. "நிதானமாப் பார்த்துட்டே வாங்க."