ஹேவாஹெட்ட என்று சொல்லிவிட்டேன்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்றும் என் காது சும்மா இருப்பதில்லை. பின்னால் யாராவது கைப்பேசியில் பேசினால், திரும்பிப் பார்க்காமலே அவருடைய ஊரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். இப்போது பிழைத்துப் போவதுதான் அதிகம். பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியில் வருகிறவர்களைப் போலப் பேசுகிறார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் அபூர்வமாகத்தான் பிழை விடுவேன்.

அது அம்மாவின் தம்பியான மாமாவும் நானும் விளையாடிய விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு போட்டி போடுவோம். வென்றவருக்கு ஒரு சுருள் கடலை. "ஓம், வாறன்" என்றால் யாழ்ப்பாணம். அதற்குக் கடலை கிடையாது, யாருக்கும் தெரியும். பிள்ளையை "வாப்பாட்ட போங்க" என்று அனுப்புகிறவர் திகனப் பக்கத்து முஸ்லிம் கடைக்காரராக இருக்கலாம். தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பிரிப்பதுதான் கஷ்டம். நாவலப்பிட்டிக்காரர்கள் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி வெட்டி வெட்டிப் பேசுவார்கள் என்பது மாமாவின் கட்சி. ஹேவாஹெட்டக்காரர்கள் பேச்சின் கடைசியை இழுத்து மேலே தூக்கிவிடுவார்கள், மேட்டு மலையில் நிற்கிறவரைக் கூப்பிடுவது போல. உண்மையோ பொய்யோ, எனக்கு அப்படித்தான் கேட்டது. வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை நான். அதனால் காதுக்கு நிறைய நேரம் இருந்தது.

விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி: ஆள் போன பிறகுதான் ஊரைச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் சித்திக்கு மாப்பிள்ளை தேடினார்கள். சித்தி எங்களோடு இருந்து, முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு இடங்கள் வந்து, "நீங்க தோட்டமா?" என்ற கேள்வியோடு நின்றுபோயின. நாங்கள் ஹேவாஹெட்டத் தோட்டம் ஒன்றிலிருந்து டவுனுக்கு வந்து நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன. மூன்றாவது இடத்தைத் தரகர் கொண்டுவந்தபோது, அவர்கள் பரம்பரையாகக் கண்டி டவுன் ஆட்கள் என்றார். அம்மா எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"தோட்டம்னு ஒருத்தரும் மூச்சு விடப்படாது. நல்ல தமிழ்ல பேசணும்."

"நல்ல தமிழ்னா எந்தத் தமிழ் அக்கா?" என்றார் மாமா.

"ஒன் வாய மூடிக்கிட்டு இருந்தாலே போதும்."

சனிக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தரகரும் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கதிரைகளில் உட்கார வைத்தோம். அம்மா வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல, "வாருங்கள், அமருங்கள்" என்றாள். அப்பா வேலை செய்த புடவைக் கடையின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாவுக்குத் தெரிந்த நல்ல தமிழ் அவருடையதுதான். "ஓமோம், வசதியா இருங்கோ" என்றார். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் இரண்டு அறை வீட்டைச் சுற்றிப் பார்த்து, "தங்களுடைய இல்லம் மிகவும் அழகாக உள்ளது" என்றார். மாமா இருமிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா எந்த ஊர் என்று என்னால் பிடிக்க முடியவில்லை. கண்டி டவுன் பேச்சில்லை, யாழ்ப்பாணமும் இல்லை. ஊரே இல்லாத ஒருவர் எப்படி இருக்க முடியும்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை நல்ல சூடு. வாங்கிய வேகத்தில் அந்த அம்மாவின் மடியில் தேத்தண்ணி தெறித்தது.

"ஆத்தாடீ! சுட்டுப்புடுச்சேய்யா! துணிய எடுடா தம்பீ!"

கடைசி மேலே போனது. மலை ஏறிப் போனது. ஆள் போன பிறகு என்ற விதி எனக்கு மறந்தே போய்விட்டது.

"மாமா, ஹேவாஹெட்ட! இவங்க நம்ம தோட்டத்துப் பக்கம்!"

தரகர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அம்மா சேலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்மன்னா... நீங்க எந்தத் தோட்டம் தங்கச்சி?"

அம்மா சொன்னாள். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். அதே தோட்டம்தான். அவர் மேற்கணக்கு, நாங்கள் கீழ்க்கணக்கு. தோட்டத்தின் பிரிவுகளை அப்படித்தான் சொல்வார்கள். பிறகு யாரும் நல்ல தமிழ் பேசவில்லை. ஒரே மாரியம்மன் கோயில் திருவிழா, ஒரே கங்காணி, கொழுந்துக் கூடையோடு அம்மா வழுக்கி விழுந்த தண்ணீர்க் கான். மாமா கைகொட்டிச் சிரித்தார். இன்னொரு முறை தேத்தண்ணி போட்டார்கள். போகும்போது மாப்பிள்ளை வாசலில் நின்று, சித்தியிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசினார்.

"போயிட்டு வாறேங்க. தேத்தண்ணி நல்லா இருந்துச்சுங்க."

அவர்கள் போனதும் மாமா எனக்கு இரண்டு சுருள் கடலை வாங்கித் தந்தார்.

புதன்கிழமை தரகர் மட்டும் வந்தார்.

"அவங்க டவுன் பொண்ணாத்தான் பாக்கிறாங்களாம்."

அவர் முடிக்கும் முன்பே அம்மா சொன்னாள்: "நாங்களும் அதத்தான் சொல்ல இருந்தோம். தோட்டத்து ஆளுக்குக் குடுக்கவா டவுனுக்கு வந்தோம்?"

என்னை ஒருவரும் ஏசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை. நானே போய்க் கேட்டபோது, "வேணாம் புள்ள, அது போதும்" என்றார். நான் சரியாகச் சொன்னதற்காக விளையாட்டை எதற்கு நிறுத்த வேண்டும் என்று எனக்குக் கோபமாக இருந்தது.

அந்தக் கோபம் சித்தியால்தான் ஆறியது. ஒரு பின்னேரம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சித்தி மெஷினை நிறுத்திவிட்டு, நூலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவரும் ஹேவாஹெட்டப் பேச்சுத்தானா? ஒரு வார்த்தைதானே பேசுனாரு. ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரியும். கடைசிய மெதுவாத் தூக்குனாரு."

"எங்க, சொல்லு பாப்போம்."

நான் குரலைத் தடிக்க வைத்து, அவர் தூக்கிய மாதிரியே தூக்கிச் சொன்னேன். "போயிட்டு வாறேங்க. தேத்தண்ணி நல்லா இருந்துச்சுங்க."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். மாமாவைவிடச் சித்தி கண்டிப்பான ஆள், நான் பிழை விடுகிறேனா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது முறை இன்னும் கவனமாகச் சொல்லிவிட்டு, "சரியா சித்தி?" என்று கேட்டேன்.

சித்தி குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். வெகுநேரம் கோத்துக்கொண்டிருந்தாள். நான் கடலைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.