செவ்வாய்க்கிழமை விழுந்த கோடு

இரண்டாயிரங்களின் நடுவில், திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தேன். ஐந்து கல்லூரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, ஆராய்ச்சி மாணவர்களுக்காக ஒரு பொதுச் சோதனை நெட்வொர்க்கை நடத்திவந்தன. அதில் எங்களையும் சேர்த்துக்கொள்ள வைக்க நான் ஒரு வருடம் அலைந்திருந்தேன்.

சேர்ந்து மூன்று மாதத்தில், அதை ஒருங்கிணைத்த சென்னைப் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் எந்திரம் நெட்வொர்க்கிலிருந்து அடிக்கடி காணாமல் போகிறது, மாணவர்களின் சோதனைகள் பாதியில் நிற்கின்றன, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் நீக்கிவிடுவோம் என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொலைபேசி லைன்தான் காரணம் என்று முடிவே செய்துவிட்டேன். லைன்மேனை மூன்று முறை வரவழைத்து வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"லைன் நல்லாத்தான் வேலை செஞ்சிகினு கீது மேடம். உங்க ரூம்ல ஒரு தபா பாருங்க" என்றார் அவர்.

அவர் வாயை அடைக்க ஆதாரம் வேண்டும். ஆபீஸ் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது சென்னையில் இருந்த இன்டர்நெட் கம்பெனியின் சர்வரையும் எங்கள் எந்திரத்தையும் கூப்பிடும். பதில் வர எவ்வளவு நேரமானது என்று கோடாக வரையும்; பதிலே வராவிட்டால் கோடு விழும். நான்கு நாள் பிடிவாதமாக உட்கார்ந்து அதை ஓடவைத்தேன்.

இரண்டு வாரக் கோட்டை அச்செடுத்துப் பார்த்தேன். சென்னைக்குப் போகும் லைனில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் எந்திரம் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரைக்கு விழுந்து, பன்னிரண்டு மணிக்கு எழுந்தது.

அந்த இரண்டு நாளும் ஒன்பதரைக்கு அதை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பவள் நானேதான். திரை இல்லாத எந்திரம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. ஷாக் அடிக்கக் கூடாதே என்று சுவர் சுவிட்சை அப்படியே அணைப்பேன். பொட்டு வைத்ததும் மறுபடி போடுவேன். எந்திரத்தின் சிறு விளக்கு எரியும், வகுப்புக்குப் போய்விடுவேன். முறையாக மூடாமல் அணைத்த எந்திரம், எழுந்ததும் தன் டிஸ்க் முழுவதையும் சரிபார்த்து முடிக்க இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் லைன்மேனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

துறைத் தலைவர் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி பண்ணியாச்சுன்னு மட்டும் சென்னைக்கு எழுதும்மா. உன் தலையில நீயே ஏன் மண்ண வாரிப் போட்டுக்கினு இருக்கே? இதப் பாத்தா இன்னிக்கே தூக்கிடுவாங்க" என்றார்.

"கோடு பொய் சொல்லாதுன்னுதான சார் இத போட்டேன்? எனக்கு வசதியா இல்லன்னதும் மறைச்சா, அப்புறம் எவன் நம்புவான்?"

தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதி, படத்தையும் சேர்த்து ஐந்து கல்லூரிகளுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. நீங்கள் நீடிக்கலாம், அந்த மென்பொருளை எங்களுக்கும் போட்டுத் தாருங்கள் என்றிருந்தது. அதன் கீழே இன்னும் ஒரு வரி: "எங்கள் எந்திரமும் அடிக்கடி விழுகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."