பச்சை ரிப்பன் கட்டிய புட்டி

கொக்கிட்டோவில் தேயிலை போடுகிறவளை எங்கள் லாரெஸ் ஊரில் யாரும் வீட்டுப் படி ஏற்றமாட்டார்கள். தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், பட்டை, கிராம்பு, கை தாராளமாக ரம். அதுதான் கொக்கிட்டோ, அதுதான் கிறிஸ்துமஸ். தேயிலைத் தண்ணீர் எங்கள் பக்கம் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. நல்ல உடம்புக்காரன் காபிதான் குடிப்பான். அதனால் பக்கத்து வீட்டு நெரெய்தா, அடுப்பில் சூடாகிற தேங்காய்ப்பாலில் கறுப்புத் தேயிலையை அள்ளிக் கொட்டியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புத்தி கித்தி கெட்டுப்போச்சாடி உனக்கு?”

“கத்தாதீங்க ஒதிலியாக்கா. ஜன்னல் திறந்திருக்கு.”

நெரெய்தா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். சத்தம் போட்டுப் பேசவே வராது அவளுக்கு. வீட்டில் சண்டை என்றால் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் புருஷன் எலியூத் குடித்துவிட்டு வந்த வருஷங்களில் அந்த வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அவ்வளவு துடைத்தாள், பாவி.

எலியூத் ஏசி மெக்கானிக். நல்ல கைக்காரன். அந்த வருஷ மார்ச்சில் குடித்த வாயோடு வேனை ஓட்டிக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதினான். பக்கத்து சீட்டில் மகள் யாரிமார். பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றோடு நிறுத்தினான். இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அதற்கு நான் சாட்சி.

ஆனால் குடியை விட்டதை அண்ணன் கமாலியேலிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. வயிற்றுப்புண், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எதையோ சொல்லி வருஷத்தை ஓட்டிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கதை செல்லாது. அவர்கள் குடும்பத்துப் பாட்டுக் கூட்டம், கித்தாரும் கையுமாக வீடு வீடாகப் போகிற கூட்டம், வருஷா வருஷம் எலியூத் வீட்டு வாசலில்தான் தொடங்கும். வீட்டுக்காரன் தன் வீட்டுப் புட்டியிலிருந்து முதல் கிளாஸை எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். அந்த முதல் கிளாஸை நீட்டுவது கமாலியேல். தம்பிக்கு மீசை முளைக்கும் முன்பே குடிக்கப் பழக்கிவிட்ட புண்ணியவானும் அவன்தான்.

“நேராச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே, குடிக்கிறதில்லன்னு?” என்றேன்.

நெரெய்தா கரண்டியை நிறுத்தாமல் கிண்டினாள். “அத்தான் பத்துப் பேர் முன்னாடி கேலி பண்ணுவாரு. கேலியைத்தான் இவரால தாங்க முடியாது. அத்தான் வாயை அடைக்கிறதுக்காகவே இவர் வாங்கிக் குடிச்சுடுவாரு. ‘ஒரு வாய் போச்சுன்னா அப்புறம் நான் நிக்கமாட்டேன், நெரெய்தா’ன்னு இவரே சொல்லிட்டாரு.” அடுப்பைத் தணித்தாள். “பெட்டி கட்டி வச்சிருக்கேன்க்கா. கட்டிலுக்கு அடியில இருக்கு. அவர் குடிச்சாருன்னா காலையில யாரிமாரைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அவருக்கும் தெரியும்.”

இஞ்சியை எடுத்துத் தட்டிக் கொடுத்தேன். ரம் இல்லாத கொக்கிட்டோ வெள்ளை வெளேரென்று பால் மாதிரி தெரியும், குடித்தால் பாயசம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தேயிலை போட்டால் பழைய ரம் ஊற்றியது போலப் பழுப்பு ஏறும், நாக்கைப் பிடிக்கும். தொண்டை எரிய இஞ்சியும் மிளகும். முதல் தடவை கஷாயமாகிவிட்டது, கொட்டினோம். இரண்டாவது தடவை நானே ஒரு நிமிஷம் ஏமாந்துபோனேன். அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. இவ்வளவு அசலாக இருந்தால் அவனுக்கு ஆசை கிளம்பாதா?

எலியூத் வந்து ஒரு மடக்குக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நாங்கள் இருவரும் அவன் தொண்டையையே பார்த்தோம்.

“போதும். இது போதும் எனக்கு,” என்றான்.

ஒரே மாதிரி இரண்டு பழைய ரம் புட்டிகள். விருந்தாளிகளுக்கான ரம் புட்டிக்குச் சிவப்பு ரிப்பன், அவனுடையதற்குப் பச்சை. பச்சையை யார் கையும் படாதபடி ஃபிரிட்ஜின் அடித்தட்டில், கோடியில், பன்றிக்கறித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேர் தலையிலும் மூளை வேலை செய்யவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம், வாசலில் கித்தார் வெடித்தது. வீடு நிறைந்துவிட்டது. கமாலியேல் யாரையும் கேட்காமல் நேரே சமையலறைக்குள் வந்தான். காளை மாதிரி ஆள். ஃபிரிட்ஜைத் திறந்து சிவப்பு ரிப்பனை எடுத்து, கிளாஸ் வழிய ஊற்றினான்.

“வாடா வீட்டுக்காரா! வருஷம் பூரா மாத்திரை முழுங்கினது போதும். எடு!”

நெரெய்தா குறுக்கே போய் நின்றாள். “அத்தான், அது இப்பத்தான் செஞ்சது. அவருக்கு நல்லா ஊறினது தனியா வச்சிருக்கேன்.”

“தனியாவா? ஓஹோ, அண்ணனுக்கு ஒண்ணு, புருஷனுக்கு ஒண்ணா? கில்லாடி நீ! எங்க, அதையும் பாத்துடுவோம்.”

அவள் கை நீளும் முன் கமாலியேல் பன்றிக்கறித் தட்டைத் தள்ளிப் பச்சையை உருவிவிட்டான். மேசையில் இருந்த வேறொரு கிளாஸுக்கு மேல் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. குலுக்கினான். அடியில் தட்டினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ! தேங்காய்ப்பால் குளிரில் கட்டிவிடும். ரம்தான் அதை இளக்கமாக வைத்திருக்கும். இந்த ஊரில் ரம் இல்லாத புட்டியை யார் ஃபிரிட்ஜில் வைத்தது, தெரிந்திருக்க?

புட்டியின் கழுத்திலிருந்து வெண்ணெய் மாதிரி ஒரு கட்டி கிளாஸுக்குள் பொத்தென்று விழுந்தது. பாட்டு நின்றுபோனது. கமாலியேல் அந்தக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான்.

“இதுல ரம்மே இல்லையேடா! தேயிலைல்ல நாறுது!” தொண்டை கிழியச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. “தேயிலைத் தண்ணியாமப்பா! இந்த வீட்டுல யாருக்குடா சீக்கு?”

மறு கையில் சிவப்புப் புட்டியின் கிளாஸை எடுத்தான். அதைத் தம்பியின் உதட்டுக்கே கொண்டுபோய்விட்டான். ரம் வாசனை எனக்கே வந்தது. எலியூத் முகம் காதுவரை சிவந்திருந்தது. கை மெதுவாக மேலே எழும்பியது. கதவோரம் நின்ற யாரிமார் தன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நெரெய்தா துணியை எடுத்து, எதுவுமே சிந்தாத மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த மாட்டைக் கரண்டியால் மண்டையில் போடலாமா என்றிருந்தது.

எலியூத் கிளாஸை வாங்கவில்லை. அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“எனக்குத்தாண்ணே,” என்றான். “எனக்குத்தான் சீக்கு. வயித்துல இல்ல. குடிச்சா நிறுத்தத் தெரியாத சீக்கு. பிள்ளையைக் கொல்லப் பாத்தேன்.”

கமாலியேலின் சிரிப்பு வாயிலேயே கிடந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை கேலியாக வந்திருந்தால் எல்லாம் முடிந்தது. அவன் யாரிமாரைப் பார்த்தான். கிளாஸை ஃபிரிட்ஜின் தலைமேல் தள்ளி வைத்தான்.

“ஏம்மா நெரெய்தா,” என்றான், யாரையும் பார்க்காமல். “இதை வெந்நீர்ல வச்சா இளகுமா?”

“இளகும் அத்தான்.”

“அப்போ வை. நாங்க நிக்கிறோம்.”

நின்றார்கள். கித்தாரும் தாளமுமாக அத்தனை பேரும் ஒரு புட்டி இளகுவதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றதை அந்த வருஷம்தான் பார்த்தேன். எலியூத் முதல் கிளாஸைக் குடித்தான். கமாலியேலும் அதிலேயே ஒரு வாய் வாங்கிக் குடித்து முகத்தைச் சுளித்தான். “கர்மம், கர்மம்,” என்றான். பாட்டு மறுபடியும் தொடங்கியது.

கூட்டம் கிளம்பியபோது எலியூத்தும் அவர்களோடு போனான். போகாமல் இருக்க முடியாது, அதுதான் வழக்கம். நெரெய்தா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புட்டி காத்திருக்கும், ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் கிளாஸ் நீட்டுவான். இங்கே தப்பியது அங்கே தப்புமா?

எதிர் வீட்டுக்காரன் பாட்டு முடியும் முன்பே புட்டியோடு வெளியே வந்தான். நேரே எலியூத்திடம் போனான். கமாலியேல் இடையில் புகுந்தான். அவன் கக்கத்தில் பச்சை ரிப்பன் தொங்கியது. எப்போது எடுத்தானோ!

“அவனுக்கு ஊத்தாதே!” என்று தெருவே கேட்கக் கத்தினான். “என் தம்பியோடது என்கிட்ட இருக்கு. நான்தான் ஊத்துவேன்.”

நெரெய்தா உள்ளே போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவ்வளவு சத்தம் அவளுக்குள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்களேன். இந்தத் தேயிலை வாசனை இனிமே சகிக்காது.”

“அதெல்லாம் சகிச்சுக்கோ. அடுத்த வருஷமும் போட்டாகணும்,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் எழுந்து அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, பிள்ளையின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.